பெட்டி பெட்டியாய் ஒரு பாட்டு

நான் கொஞ்சம் பெருமைக்காரன்தான். செல்போனில் தமிழ் தெரிவதே அதிசயமாக இருந்த காலத்தில், எங்கள் கடலூர் மாதா கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டுச் செயலி செய்தவன் நான். (அப்போது சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். தலைக்கனத்துக்கு அது போதாதா?)

அந்த வருஷத் திருவிழாப் பூசைக்கு ஆயர் (பிஷப்தான்) வந்திருந்தார். குழுவை நடத்தும் என் தாய்மாமன் அருளப்பன் முதன்முதலாகத் தானே எழுதிய பாட்டை அவர் முன்னால் அரங்கேற்றப் போகிறார். ஒத்திகையில் கத்திக் கத்தி மாமாவுக்குத் தொண்டை போயிருந்தது. குழுவுக்கோ மெட்டு பாடம், வரிகள் காகிதத்தில்.

"ஆயர் முன்னால காகிதமா? அசிங்கம் மாமா!" என்று அத்தனையையும் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டேன்.

காலையில் கோயில் வாசலில் நின்று எல்லார் போனுக்கும் ப்ளூடூத்தில் செயலியை ஏற்றினேன். முகப்பில் சிலுவை, கீழே கொட்டை எழுத்தில் மாமா பெயர். மாமா கண் கலங்கிவிட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

காணிக்கை நேரம் வந்தது. மாமா ஆர்மோனியத்தில் மெட்டை எடுத்துக்கொடுத்தார். குழு பாட்டுப் பக்கத்தைத் திறந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னா மச்சான் இது? பூரா பொட்டி பொட்டியா இருக்குது!" என்றான் மாமா மகன் சேவியர்.

முகப்பு நான் வரைந்த படம், எந்தப் போனிலும் தெரியும். பாட்டோ எழுத்து. அந்தப் போன்களில் தமிழ் எழுத்துருவே கிடையாது. என் போனில் இருந்தது. (சோதித்துப் பார்த்ததும் அந்த ஒரு போனில்தான்.)

மாமா என்னை மைக் பக்கம் தள்ளினார். "நீ படிடா. அவுங்க பின்னால பாடட்டும்" என்று காற்றாய்ச் சொன்னார்.

என் குரல் துருப்பிடித்த அடிபம்பு. ஒரு வரி படித்தேன், குழு பாடியது. அடுத்த வரிக்கு முன்பெஞ்சுப் பெண்கள் சேர்ந்தார்கள். மூன்றாவது சரணத்தில் கோயிலே பாடியது.

பூசை முடிந்ததும் ஆயர் கேட்டார். "சனங்களையும் பாட வச்சிட்டீங்களே! யார் யோசனை?"

"என் யோசனைதான் ஆண்டவரே" என்றார் மாமா, கண்கூட இமைக்காமல்.

இன்றுவரை திருவிழாவில் அந்தப் பாட்டு அப்படித்தான். எங்கள் கோயிலில் அது தெரியாத ஆளில்லை, போனும் தேவையில்லை. எந்தச் செயலி இதைச் சாதித்திருக்கிறது?

எனக்குப் பெண் பார்க்கப் போனபோது மாமா என்னை இப்படித்தான் அறிமுகம் செய்தார்: "ஊருக்கே பாட்டு சொல்லிக்குடுத்த புள்ள. உங்க போனை மட்டும் அவன் கையில குடுத்துடாதீங்க."