ஆந்தை இருந்த பக்கம்

ஆந்தைத்தீவில் அன்றும் காலை வந்தது. எழுந்தேன். அடுப்பு மூட்டினேன். என் மனைவி மிரினாவுக்குக் கஞ்சி வைத்தேன். இரண்டு வாய் குடித்தாள், இருமினாள். பாத்திரத்தைக் கழுவிவிட்டு நாணயச்சாலைக்குப் போனேன். காசுகளுக்கு அச்சு செதுக்குவது என் வேலை.

தீவின் வெள்ளிக்காசில் ஒரு பக்கம் கடல்தேவியின் தலை, மறுபக்கம் ஆந்தை. வணிகர்கள் காசை உளியால் வெட்டிப் பார்ப்பார்கள். உள்ளேயும் வெள்ளி என்றால்தான் வாங்குவார்கள். இறந்தவர் வாயில், மறுகரைக்குக் கொண்டுபோகும் படகோட்டிக்குக் கூலியாக ஒரு காசு வைப்போம். தேர்தலும் காசில்தான். ஆள்பவர் தொடரட்டும் என்பவர் தலை தெரியத் தட்டில் வைப்பார். போதும் என்பவர் ஆந்தை தெரிய வைப்பார்.

பெருந்தலைவர் பதவியேற்றதும் நாணய மந்திரி என்னை அழைத்தார்.

"ஆந்தை முறைக்கிறது."

"ஆந்தை அப்படித்தான் பாக்கும் ஐயா."

"பெருந்தலைவருக்குத் தூக்கம் கெடுகிறது. கண்ணை மூடு."

மூடினேன். பிறகு தேவியின் இடத்துக்குப் பெருந்தலைவரின் முகம் வந்தது. பிறகு, தூங்கும் பறவைக்குக் காசில் என்ன வேலை என்று கேட்டார்கள். இரு பக்கமும் அவர் முகம். அடுத்த தேர்தலில் ஒரு வாக்குகூட எதிராக விழவில்லை. மக்களின் அன்பை எண்ணி மந்திரி மேடையில் அழுதார்.

பழைய ஆந்தைக் காசுகளை அதற்கு முன்பே வீடுவீடாகப் பிடுங்கி உருக்கியிருந்தார்கள். வெள்ளி அரண்மனைக்குப் போனது. புதிய காசு செம்பு; மேலே வெள்ளித் தோல். வெட்டினால் தெரிந்துவிடும். ஆகவே காசை வெட்டுவது பெருந்தலைவரின் முகத்தை வெட்டுவதாகும், வெட்டிய கை துண்டிக்கப்படும் என்று சட்டம் வந்தது.

அந்த மாதம் மருந்துக் கப்பல் வந்தது. மிரினா எழுந்து உட்காரவும் முடியாத நிலையில் இருந்தாள். சேர்த்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேன். மருந்து வணிகர் உளியை எடுத்தார். காவலன் அருகே வந்து நின்றான்.

"வெட்டிப் பாக்காம எப்படிப்பா வாங்குறது?"

"வெட்டுனா உங்க கை போயிரும் அண்ணாச்சி," என்றேன்.

"அப்போ உள்ள என்னன்னு நீயே சொல்லு."

"செம்பு," என்றேன்.

அவர் உளியையும் மருந்தையும் பெட்டிக்குள் வைத்தார். கப்பல் போயிற்று.

மிரினா இறந்தாள். இறந்தவரும் குடிமக்களே என்று அப்போது புதிய ஆணை இருந்தது. மந்திரியே மேளத்தோடு வந்தார். அவள் வாயில் புதிய காசு ஒன்றை வைத்தார். "படகோட்டியும் பெருந்தலைவரின் முகத்தைத் தரிசிக்கட்டும்," என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சில நாளில், விடியற்காலையில், அண்மையில் இறந்தவர்கள் எல்லாரும் கடற்கரையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் வெட்டுப்பட்ட காசு. மறுகரையில் நம் சட்டம் செல்லாது போலும். படகோட்டி வெட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். மந்திரி ஓடிவந்தார். சற்று யோசித்தார். எல்லாரையும் வாக்காளர்களாகச் சேர்க்க உத்தரவிட்டார்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மிரினா இல்லை.

அவள் இறந்த அன்று, மந்திரியின் மேளம் தெருமுனை தாண்டியதும் அவள் வாயிலிருந்த காசை எடுத்துவிட்டிருந்தேன். சாகுமுன் அவள் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அதுதான்.

"அந்தாளு மூஞ்சிய என் வாயில வச்சு அனுப்பாதீங்க. நான் நீந்திக்கிறேன்."