பந்தோடு காணாமல் போன லைன்மேன்

நான் ஒரு முன்னாள் விளையாட்டு வீரன். அதுவும் சர்ச்சைக்குரிய வீரன். இதைச் சொன்னால் 'முன்னாள்' என்பதை எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். 'வீரன்' என்றதும்தான் அவர்கள் பார்வை என் வயிற்றுக்கு இறங்கிவிடுகிறது.

நான் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவத்தில் ஒரு பந்து, தலைக்குக் கவசம், தோளுக்குக் கவசம், காலுக்கு அநேகமாக வேலையே இல்லாத கால்பந்து. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. புக்கிட் செந்தோசாவில் வீடு, ரவாங்கில் தொழிற்சாலை வேலை. எங்கள் சூப்பர்வைசர் தனசேகர் அண்ணன் இந்த ஆட்டத்தை இணையத்தில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு ஓர் அணியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேன்டீனில் இரண்டாவது பொட்டலம் நாசி லெமாக் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்த என்னை, மாடு வாங்க வந்தவர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எத்தன கிலோ தம்பி?"

"நூத்திப் பதினெட்டுண்ணே."

"கொறைச்சிடாத."

என் எடையைப் பற்றி அதுவரை யாரும் சொன்னதில் அதுதான் முதல் நல்ல வார்த்தை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கல்யாண வீட்டில் எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டாக அடுக்கிப் போடுவார்கள். (அன்பாகத்தான் போடுவார்கள். ஆனால் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி "ரெண்டு போடுங்க லா" என்று சொல்லிவிட்டுப் போடுவார்கள்.) இந்த உடம்புக்கும் உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் இடத்துக்குப் பெயர் டிஃபென்சிவ் லைன்மேன். எதிரணி பந்தை எடுக்கும்போது வரிசையாகக் குனிந்து நின்று, பந்து அசைந்ததும் முன்னால் நிற்பவனைத் தள்ளிக்கொண்டு பந்து வைத்திருப்பவன் மேல் போய் விழ வேண்டும். அவ்வளவுதான். அம்மாவுக்கு இதில் 'லைன்மேன்' மட்டும்தான் காதில் விழுந்தது. மகனுக்கு மின்சார வேலை கிடைத்துவிட்டதாக பத்தாங் காலி வரை உறவினர்களுக்குச் சொல்லிவிட்டார். பெரியம்மா வீட்டில் ஓடாத மின்விசிறியை எனக்காகவே கழற்றாமல் வைத்திருந்தார்கள்.

சர்ச்சைக்கு வருகிறேன். எனக்கு ஒரு வியாதி உண்டு, கனவு. ஒரு கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்து நிற்கிறோம் இல்லையா, பந்து அசையும் வரை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு மூன்று வினாடிதான். ஆனால் புல் மணம் மூக்குக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கும். கவசத்துக்குள் வெளிச்சத்தம் எங்கோ அடுத்த ஊரில் கேட்பது மாதிரி இருக்கும். சிற்றெறும்பு ஒன்று என் விரல் மேல் ஏறி, இறங்கி, தன் வழியில் போகும். நானும் அதனுடன் போய்விடுவேன். பிறகு யாராவது தும்மினாலும் போதும், திடுக்கிட்டு எழுந்து எதிரே இருப்பவன் மேல் பாய்ந்துவிடுவேன். பந்து அசைந்தே இருக்காது. நடுவர் விசில் ஊதுவார், எங்களுக்கு ஐந்து கஜம் தண்டனை கிடைக்கும். சில சமயம் நேர்மாறாக, பந்து போய், ஆளும் போய், ஆட்டமும் முடிந்த பிறகும் நான் குனிந்தே இருப்பேன். நான் விலைபோய்விட்டேன் என்று அணியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தரப்பு எழுதியது. "அவனுக்கு வயித்து வலி" என்று இன்னொரு தரப்பு எழுதியது. கனவு கண்டேன் என்று எப்படிச் சொல்வது? நான் வயிற்று வலித் தரப்புக்குப் பெருவிரல் உயர்த்தினேன்.

மூன்றாவது வருடம் தனசேகர் அண்ணன் பொறுமை இழந்தார். கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் திடலை வாடகைக்கு எடுத்து எங்கள் அணி ஆட்டம் ஏற்பாடு செய்திருந்தது. வேனிலிருந்து இறங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னிக்கு ஒன்னால ஏதாவது ஆச்சின்னா, ஜெர்சிய கழட்டி வெச்சிட்டுப் போயிடணும். நானே கேக்க மாட்டேன். நீயே வெச்சிடு."

அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். அந்த ஜெர்சியைக் கழற்றினால் நான் மறுபடியும் இரண்டு நாற்காலிக்காரன்தான். அன்று எறும்பைப் பார்ப்பதில்லை என்று என் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்துகொண்டேன்.

நம்பினால் நம்புங்கள், அன்று நான் கனவே காணவில்லை. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. பட்டணத்திலிருந்து வந்த எதிரணி மூன்று புள்ளி முன்னால் இருந்தது, எங்களுக்குப் பூஜ்யம். மணி நாலு நாற்பது. எதிரணிக்காரன் பந்தை வீசினான், அது எங்கள் ஹாஃபிஸின் கையில் பட்டு எகிறியது. மேலே போனது. மேகம் பின்னால் இருக்க, பழுப்பு நிறத்தில் சுழன்றுகொண்டே, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கி என் இரண்டு கைக்குள் வந்து உட்கார்ந்தது.

மூன்று வருடத்தில் நான் பந்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வெதுவெதுப்பாக இருந்தது.

ஓடினேன். வாழ்க்கை முழுக்க எனக்கு முன்னால் யாராவது நின்றிருக்கிறார்கள், தள்ளுவதற்கோ தள்ளப்படுவதற்கோ. அன்று யாரும் இல்லை. வெறும் புல், அதற்கப்பால் செம்பனை, அதற்கப்பால் வானம். என் பாரம் எங்கே போனது என்று தெரியவில்லை. கோட்டைத் தாண்டினேன். ஆறு புள்ளி! பின்னால் எல்லாரும் கத்தினார்கள். ரசிகர்களின் ஆரவாரம் என்று எடுத்துக்கொண்டேன். ("நில்லுடா டேய்" என்பதுதான் அந்த ஆரவாரம் என்று பின்னால் தெரிந்தது.) நான் நிற்கவில்லை. நிற்க முடியவில்லை என்று தனசேகர் அண்ணனிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எனக்கு நிற்க மனமில்லை. வாய்க்கால் மேல் கிடந்த பலகையையும் தாண்டி, பந்தோடு தோட்டத்துக்குள் போய்விட்டேன்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மட்டைகள் மேலே கூடிக்கொள்ள, பச்சை வெளிச்சம் தரையில் படுத்திருந்தது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பந்தை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு நடந்ததெல்லாம் என் மனதுக்குள் நடந்தது. கோலா சிலாங்கூர் மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா. யாரோ ஒரு யாங் பெர்ஹோர்மாட், எம்.பி.யோ யாரோ, பொன்னாடை போர்த்துகிறார், பொன்னாடை பத்தாமல் இன்னொன்றை ஒட்டுப் போடுகிறார்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, "கரண்டு வேலையிலேயே இம்புட்டு மரியாதையா?" என்று பக்கத்து நாற்காலியிடம் கேட்கிறார். நன்றியுரை இரண்டு பக்கம் தாண்டியபோதுதான் ஆட்டத்தில் இன்னும் நான்கு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்பது உறைத்தது.

எழுந்து திரும்பினேன். செம்பனைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நிரை. வந்த வழி என்று நினைத்து நடந்தேன், நடந்தேன், ஒரு பழைய லயத்தின் முன்னால் வந்து நின்றேன். தோட்டத் தொழிலாளர்களின் ஆறேழு வீடு வரிசையாக இருக்கும். தலைக்கவசம், தோள் கவசம், கையுறை, வாய்க்குள் பல் கவசம், கையில் பந்து என்று முழு வேடத்தில் நின்ற என்னைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா பார்த்தார். பத்மா அக்கா என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் பயப்படவில்லை. இடுப்பில் கை வைத்தார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா? ரெண்டு மாசமா போன் போடுறோம். மூணு பேருக்கு டெங்கி வந்திருச்சி, தெரியுமா?"

அவருக்கு நான் கொசு மருந்துப் புகை அடிக்க வந்த ஆள். நான் பல் கவசத்தைத் துப்பிவிட்டு, "அக்கா, நான் வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார். "மருந்து வந்திருச்சி! பானையெல்லாம் மூடுங்க!"

அடுத்த ஐந்து நிமிடத்தில் வீடுகள் வெளியே வந்துவிட்டன. சோற்றுப் பானை, கைக்குழந்தை, கிளிக்கூண்டு, அரிசி வாளி, இருமிக்கொண்டே நாற்காலியோடு தூக்கி வரப்பட்ட ஒரு தாத்தா. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் ஓர் இடத்துக்கு வந்ததற்காக யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நான் அவர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (கோழை என்று சொல்லிக்கொள்ளுங்கள். சரிதான்.)

"மிஷின் எங்க தம்பி?" என்றார் பத்மா அக்காவின் கணவர் முனியாண்டி அண்ணன்.

"திடல்ல இருக்கு." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

"அப்ப இது?"

"இது..." என்று பந்தைப் பார்த்தேன். பத்மா அக்கா முந்திக்கொண்டார். "மருந்து டப்பாதான். இப்பிடித் தொறந்த எடத்துல வெச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, புள்ளைங்க இருக்கிற எடம்!" முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பழந்துணியால் பந்தைப் பிடித்து வாங்கிப்போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்புக்குப் போனது. முனியாண்டி அண்ணன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, "ஏறுங்க, மிஷின எடுத்தாந்திடலாம்" என்றார்.

மோட்டார் என் பாரத்தில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டுதான் புறப்பட்டது. காற்று முகத்தில் அடித்தது. பந்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து நன்றியுரையைத் தொடர்ந்தேன்.

திடலில் இரண்டு அணியும் ஓரமாக உட்கார்ந்திருந்தன. நடந்தது இதுதான். என் ஆறு புள்ளியை நடுவர் கொடுத்துவிட்டார், நாங்கள் முன்னால் இருந்தோம். ஆனால் மீதி நான்கு நிமிடத்தை ஆடப் பந்து இல்லை. திடலை எடுத்த நாங்கள்தான் பந்து தர வேண்டும். எங்களுடைய இன்னொரு பந்தில் முதல்நாள் பயிற்சியிலேயே செம்பனை முள் ஏறிவிட்டது. எதிரணியிடம் பந்து இருந்தது. "எங்ககிட்ட இல்ல லா" என்று சொல்லிவிட்டு, பந்துப் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்தரை வரை பார்ப்பேன், பந்து வராவிட்டால் நீங்கள் தோற்றதாக அறிவிப்பேன் என்று நடுவர் சொல்லியிருந்தார்.

மணி ஐந்து இருபத்தைந்து. மோட்டாரில் என்னைப் பார்த்ததும் மொத்த அணியும் எழுந்து கத்தியது. இந்தத் தடவை நிஜ ஆரவாரம். தனசேகர் அண்ணன் ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"பந்து?"

நான் என் கைகளைப் பார்த்தேன். கையுறை இருந்தது.

"அண்ணே... மருந்துன்னு பூட்டி வெச்சிட்டாங்க."

"என்னாது?"

முனியாண்டி அண்ணன் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீங்க மருந்து அடிக்க வரலையா?" என்றார். நான் தலை குனிந்தேன். "பெருசக்கூட நாக்காலியோட தூக்கி வெளிய வெச்சிட்டோமே தம்பி," என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கோபப்படாமல் போனார். அன்று என்னை நிஜமாகச் சாய்த்தவர் அவர்தான்.

லயத்துக்குப் போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம். ஐந்தரைக்கு நடுவர் விசில் ஊதினார். அந்த ஆட்டத்தில் எங்களுக்கு வெற்றிப் புள்ளி எடுத்துக் கொடுத்தவனும் நான்தான், தோற்கடித்தவனும் நான்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. ஜெர்சியைக் கழற்றி, மடித்து, வேன் இருக்கையில் வைத்துவிட்டு கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அழுதுகொண்டேதான் நடந்தேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க லயத்துக்குப் போனேன். பத்மா அக்கா நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "புகை அடிச்சாத்தான் பந்து" என்றார். மூன்று தடவை லீவு போட்டு சுகாதார இலாகாவுக்கு நடந்தேன். கடைசித் தடவை கவுண்டர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். (நான் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டு போவது சிரமம்.) அந்த வாரமே நிஜ மருந்துக்காரர்கள் வந்து லயம் முழுக்கப் புகை அடித்தார்கள். பந்தைத் தனசேகர் அண்ணன் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "ம்" என்றார். அணியில் மறுபடியும் சேர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் கதை மட்டும் எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இன்றும் நான் சமையலறைக்குள் நுழைந்தால் மனைவி பானைக்கு மூடியைத் தேடுகிறாள். மகள் கிளிக்கூண்டை வெளியே வைத்தாச்சா என்று கேட்கிறாள். அவளுக்கு வயது ஆறு.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது என் கல்யாணம். தனசேகர் அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கும்போதே, வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தாலி கட்டி முடிந்து, மாலையும் கழுத்துமாக மனைவியோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தேன். கடைசிப் பந்தியில் மொத்த அணியும் உட்கார்ந்திருந்தது. ஹாஃபிஸ்தான் முதலில் பார்த்தான். அரைகுறைத் தமிழில், "மருந்து வந்திச்சி!" என்று கத்தினான். அத்தனை பேரும் குனிந்து இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார்கள். எல்லாரையும்விட அகலமாகக் கையை விரித்து மூடியிருந்தவர் தனசேகர் அண்ணன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாருங்க இவங்கல்லாம்?" என்றாள் மனைவி.

"எங்க டீமு."

சரியாக அந்த நேரம் பாயாச வாளியோடு வந்த பரிமாறுபவர், மூடிய இலைகளைப் பார்த்து 'போதும்' என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்த வரிசையை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். யாரும் கையை எடுக்கவில்லை.