மூச்சை எரித்த சுவாமிகள்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் மூன்று நாளாக நிரம்பி வழிந்தது. கல்யாணம் ஒன்றும் இல்லை. மூச்சானந்த சுவாமிகள் வந்திருந்தார். மனிதன் விடும் மூச்சை எரிபொருளாக்கும் மகான்! இடுப்பில் காவி வேட்டி, மேலே வெள்ளை லேப் கோட்டு.

மேடையில் ஒரு கறுப்பு ஜாடி. உள்ளே 'எம்.ஓ.எஃப்.' என்னும் மஞ்சள் தூளாம். உலோகத்தையும் கரிமத்தையும் கோத்த நுண்சல்லடை. வெயில் பட்டால் கரியமில வாயுவைப் பிடித்து எரிபொருளாக்கிவிடும். மண்டபத்தில் ஜன்னலே இல்லையே, வெயில் எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்தி முற்றினால் வெயில் எதற்கு? குழாயில் ஊதினால் மறுமுனையில் வைத்த அகல்விளக்கில் பற்றிச் சுடர் எரியும். பாவி ஊதினால் எரியாது. பாவி தன் பொன்னைக் கழற்றி உண்டியலில் போட வேண்டும்.

காட்டாங்குளத்தூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் தீபா உதவியாளர். அங்கே நிஜமாகவே அந்தத் தூளை ஆராய்கிறார்கள். நாள் முழுக்க விளக்கடியில் வைத்தாலும் கிடைக்கும் எரிபொருள் கருவிக்கு மட்டுமே தெரியும் அளவு. மீன் விற்கும் அம்மா செல்லியம்மாள் போனில் அழுததால் தீபா மண்டபத்துக்கு ஓடி வந்திருந்தாள்.

"ரெண்டு வாட்டி ஊதினேன்டி, எரியல. ஏம் பாவந்தான் உங்கப்பனைக் கடல்ல இஸ்துகினு போச்சாம். சாமி சொல்டாரு."

அம்மா கம்மலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கம்மலைக்கூட விட்டுவிடலாம். பத்து வருஷம் முன் புயலில் போன அப்பாவின் சாவை அம்மா தலையில் கட்டினானே, அதுதான் தீபாவுக்குப் பற்றி எரிந்தது.

"கொஞ்சம் இரும்மா" என்று வரிசையைக் கவனித்தாள். ஓய்வுபெற்ற அதிகாரி பட்டாபிராமன் ஊதினார். வெறுங்கழுத்து. சுடர் எரிந்தது.

"ஃபென்டாஸ்டிக்! ப்யூர் சயின்ஸ்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரட்டைவடச் சங்கிலிக்காரி ஊதினாள். எரியவில்லை. கவரிங் சங்கிலிக்காரி ஊதினாள். எரிந்தது. கவரிங் போட்டவர்கள் எல்லாம் புண்ணியவதிகள்! ஒவ்வொரு தடவையும் சுவாமியின் இடக்கை மேசைக்கடியில் போய் வந்தது.

தீபா எதிர்ப் பஞ்சர் கடையில் சைக்கிள் பம்பு வாங்கி வந்தாள்.

"சாமி, ரெண்டு கையையும் தூக்கி எல்லாரையும் ஆசீர்வாதம் பண்ணுங்க!"

"ஆசீர்வாதம்! ஆசீர்வாதம்!" என்று கூட்டம் கத்தியது. வேறு வழியில்லாமல் கைகள் மேலே போயின. தீபா குழாயில் பம்பைச் செருகி அடித்தாள். யார் மூச்சுக்கும் எரியாத உயரத்துக்குச் சுடர் எழுந்தது.

"எங்க லேப்ல இந்தச் சோதனையை மொதல்ல கார்பன் டை ஆக்ஸைடு இல்லாம ஓட்டிப் பார்ப்பாங்க. அப்பவும் எரிபொருள் வந்தா, அது வேற எங்கேருந்தோ வருதுன்னு அர்த்தம். இது யார் மூச்சும் இல்ல, வெறுங்காத்து!"

சுடரையும் அகல்விளக்கையும் அணைத்துவிட்டு ஜாடியைத் திறந்தாள். மூன்றாவது வரிசை வரை பெட்ரோல் நாறியது. உள்ளே எந்தக் காற்று போனாலும் பெட்ரோல் ஆவியைச் சுமந்து வந்து எரியும். மேசைக்கடியில் ஒரு திருகு. திருப்பினால் மூச்சு ஜாடிக்குள் போகாமல் வேறு வழியாகப் போய்விடும். பந்திக்கூடம் வழியாக நழுவிய சுவாமியை இரட்டைவடச் சங்கிலிக்காரி கோட்டைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"அப்போ உங்கப்பன் என்னால சாவல?"

"புயலாலதாம்மா."

செல்லியம்மாள் பத்து வருஷத்து அழுகையையும் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

பட்டாபிராமன் மெதுவாக வந்து பம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்ன சக்திம்மா இதுக்கு!"

"சார், அடுத்த தடவ கும்பிடறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து மோந்து பாருங்க. மூக்கு மூச்சு விடறதுக்கு மட்டும் இல்ல."