கைப்பிடி வைத்த நாற்காலி எனக்கு வேண்டாம்

ஃபுஜைரா,
14.02.2006

பெரும் மரியாதைக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பயத்துக்கும் உரிய மச்சான் ஜெய்னுலாப்தீன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜுலைஹா பீவியின் கணவன் செய்கு முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடம் நானும், என் கடையும், என் வலது முழங்காலும், இடது முழங்காலும், கணுக்கால்கள் இரண்டும் சுகம். அவ்விடம் தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க எந்நேரமும் துஆ செய்கிறேன். இந்தக் கடிதத்தை நான் நின்றுகொண்டே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "முட்டி போன மனுஷன் அரபு நாட்டில் இன்னும் என்ன கிழிக்கப் போகிறார், அறுபது ஆகப்போகிறது, முடித்துக்கொண்டு கீழக்கரை வந்து சேரட்டும், நம்ம பெயிண்ட் கடைக் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன், கைப்பிடி வைத்த நாற்காலி, எழுந்திருக்கத் தோதாக இருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். கைப்பிடி என்ற வார்த்தையை நான் மூன்று தடவை படித்தேன் மச்சான். மூன்று தடவையும் எனக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருஷமாக இந்த மளிகைக்கடையில் நின்றே வியாபாரம் பார்த்தவன் நான். இன்னும் இரண்டே வருஷம் கடையை நடத்திவிட்டு, நானே ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு, என் காலால் நடந்து விமானம் ஏறுவேன். அதுவரை அந்த நாற்காலியில் தாங்களே உட்காரலாம்.

முட்டி போச்சு என்று தங்கள் காதில் போட்டது யார் என்று நான் கேட்கப் போவதில்லை, என் ரூமில் யாருக்கு வாய் நீளம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நடந்தது இதுதான். போன மாசம் என் அர்பாப் கடைக்கு வந்தார். அர்பாப் என்றால் முதலாளி, என் விசாவுக்குக் கையெழுத்துப் போடும் கபீல். பெயர் அபூ சுஹைல், வயசு எழுபத்திரண்டு, நான் அனுப்பிய போட்டோவில் என் பக்கத்தில் ஒட்டடைக்குச்சி மாதிரி நிற்பாரே, அவர்தான். வந்தவர் உப்பு கேட்டார். உப்பு அடித்தட்டில். குனிந்தேன், உட்கார்ந்தேன், பாக்கெட்டை எடுத்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, எழுந்திருக்கிறது மட்டும் நடக்கவில்லை. கவுண்டருக்கு மேலே உப்போடு என் கை மட்டும் தெரிய, "செய்கு, எங்கே போனாய்?" என்று அவர் தேட, "இங்கேதான் அர்பாப், ஸ்டாக் பார்க்கிறேன்" என்று நான் கீழேயிருந்து சொல்ல, அந்த ஸ்டாக்கை நான் பத்து நிமிஷம் பார்த்தேன் மச்சான். கடைசியில் அவரே உள்ளே வந்து என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "முழங்கால் கலாஸா?" என்றார், தீர்ந்துபோச்சா என்று அர்த்தம். "மாஃபி கலாஸ்", தீரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

"அடுத்த மாசம் உனக்கு அறுபது. அதுக்கு மேலே விசா புதுப்பிக்கணும்னா நான்தான் ஆபீசுக்குப் போய்க் கேட்கணும். உப்பு எடுத்தா எழுந்திருக்கத் தெரியாத ஆளுக்கு விசா கொடுங்கன்னு எப்படிக் கேட்கிறது?" என்றவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். மலைமேல் அவருக்கு ஆட்டுப்பட்டி இருக்கிறது, ஒரு நரி வந்து மூன்று குட்டியைத் தின்றுவிட்டது. "மூணு வாரம் டைம். நரி வேட்டைக்கு என்னோட மலைக்கு வா. உன் காலாலே ஏறி உன் காலாலே இறங்கினா கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா ஊருக்குப் போய்ப் படு" என்று சொல்லிவிட்டு, உப்பை எடுக்காமலே போய்விட்டார்.

மச்சான், நம்ம ஊரில் மலை ஏது? என் வாழ்நாளில் நான் ஏறிய உயரமான இடம் இந்தக் கட்டிடத்து மொட்டைமாடிதான். ஆனாலும் மலையாச்சு நானாச்சு என்று முடிவு பண்ணிவிட்டேன். சாயங்காலம் டீ குடிக்க வரும் ரெங்கராஜிடம் சொன்னேன். ரெங்கராஜ் அறந்தாங்கிப் பக்கத்து ஆள், சைட்டில் சாரம் கட்டுகிறவர், அம்பது வயசிலும் குரங்கு மாதிரி ஏறுவார். அவர் டீயை வைத்துவிட்டு, "பாய், ஏறுறதுக்கு நெஞ்சு தாங்கணும், அம்புட்டுதான். முட்டி காலியாகிறது இறங்கும்போதுதான். முட்டியை விறைப்பா வச்சு தடதடன்னு இறங்குனீங்கன்னா அத்தோட சரி. லேசா மடக்கி, எட்டைச் சின்னதா வச்சு, குறுக்கால இறங்கணும். காலுக்கு முன்னாடி கம்பு கீழே போகணும். ஷூ லேசை ஏறுறப்ப கணுக்கால்ல லூசா விடுங்க, இறங்குறப்ப இறுக்கிக் கட்டுங்க, கல்லு புரண்டாலும் கால் மடங்காது" என்றார். தன்னோட உயரக் கழுத்து சேஃப்டி ஷூவையும் கொடுத்தார். என் காலுக்கு ஒரு சைஸ் பெரிசு, ரெண்டு சாக்ஸ் போட்டுச் சரி பண்ணினேன். கடையில் தரை துடைக்கிற மாப்புக் கட்டையை அறுத்து, அடியில் நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் புஷ்ஷை மாட்டிக் கம்பாக்கிக் கொடுத்தார்.

அப்புறம் பயிற்சி. சுவரில் முதுகை ஒட்டவச்சு, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிக்கணும், தொடை பலமானா முட்டிக்குப் பாரம் குறையும்னு ரெங்கராஜ் சொன்னார். கடையில் வெறும் சுவர் எங்கே இருக்கு? பால்பவுடர் அலமாரியில் சாய்ஞ்சேன். மூணாவது நாள் பதினோரு டின்னு என் தலைமேலே வந்து விழுந்துச்சு. கால் பலமாச்சு, தலைதான் வீங்கிப்போச்சு. மாடிப்படிப் பயிற்சிக்குப் பத்து கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கிட்டு, தினம் நாலு மாடி ஏறி இறங்கினேன். ஒருநாள் மூணாவது மாடியில் மூச்சு வாங்க நின்னப்போ ஒரு அம்மா கதவைத் திறந்து, "நான் ஆர்டரே பண்ணலையே, சரி வைங்க" என்று பையை இழுத்து உள்ளே வச்சுக் கதவைச் சாத்திட்டாங்க. அன்னைக்கு வெறுந்தோளோட இறங்கினேன். பயிற்சி பாதிதான் நடந்துச்சு.

போன வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுதுட்டுக் கிளம்பினோம். ரெண்டு முட்டியிலும் க்ரேப் பேண்டேஜ் சுத்தி, அதுக்கு மேலே நீ-கேப் மாட்டி, அதுக்கு முன்னாடி, கோவிச்சுக்காதீங்க மச்சான், ஊருக்குக் கார்கோவில் அனுப்ப வாங்கி வச்சிருந்த தைலத்தில் மூணு பாட்டிலை முட்டியிலும் கணுக்காலிலும் அரக்கித் தேய்ச்சேன். அதில் ஒண்ணு உங்க பேர் எழுதினது. நாலாவதை எதுக்கும் இருக்கட்டும்னு பையில் போட்டுக்கிட்டேன். பிக்கப்பில் ஏறினதும் அர்பாப் நாலு கண்ணாடியையும் இறக்கினார். பின்னாலே இருந்த அவரோட வேட்டை நாய் பர்க், மோப்பத்தில் கெட்டிக்கார நாய், மலை அடிவாரம் வரைக்கும் தலையை வெளியே நீட்டிக்கிட்டே வந்துச்சு.

மலை ஏறுறோம். அர்பாப் தோளில் துப்பாக்கி, என் கையில் மாப்புக் கட்டை. அந்த நாய் கல்லை மோந்து பார்க்குது, தும்முது. புதரை மோந்து பார்க்குது, தும்முது. என் பக்கம் திரும்பிப் பார்க்குது, வரிசையா நாலு தும்மல். அதுக்கு மேலே எதையுமே மோக்க மாட்டேன்னு உட்கார்ந்துக்கிச்சு. காத்து எங்க முதுகுப் பக்கமிருந்து மேலே அடிக்குது. தூரத்துப் பாறைமேலே ஒரு நரி வந்து நின்னுச்சு, மூக்கைத் தூக்கிச்சு, என்னைத்தான் பார்த்துச்சு மச்சான், சத்தியமா, பார்த்துட்டு அவசரமே இல்லாமத் திரும்பிப் போயிருச்சு. அர்பாப் துப்பாக்கியை இறக்கி, "நாம வர்றது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓமானுக்கே தெரிஞ்சுபோச்சு. நீ மனுஷனா, ஆஸ்பத்திரியா?" என்றார். எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனா ஏறுறதை நான் நிறுத்தலை. நரி தப்பிச்சா அது அதோட நசீபு, என் கணக்கு மலையோடதான்.

இதில் ஒரு சங்கதி. ஐம்பது எட்டு வச்சதும் அர்பாப் நின்னு, "செய்கு, களைச்சிட்டே, உட்காரு" என்பார். நான் களைக்கவே இல்லை, மூணு வாரம் அரிசி தூக்கின உடம்பு. "இல்லை அர்பாப், யல்லா, போகலாம்" என்பேன். "எனக்குத் தெரியும், நீ களைச்சிட்டே" என்று அவரே உட்கார்ந்திடுவார். இப்படிப் பதினஞ்சு தடவை. என்னைச் சோதிக்கிறார்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் நான் விறைப்பா நின்னேன். உச்சிக்குப் போய் ஆட்டுப்பட்டியில் பேரீச்சம்பழம் தின்னு, காவான்னு அரபுக் காப்பியும் குடிச்சோம். "யல்லா, இறங்கலாம்"னு நான் எழுந்தேன். அவர் எழுந்திருக்கலை. துப்பாக்கியை ஊன்றி எழப் பார்த்தார், முடியலை. மறுபடி பார்த்தார். எனக்கு அந்த உப்புப் பாக்கெட் ஞாபகம் வந்துருச்சு மச்சான். நான் அக்கம்பக்கம் பார்த்துட்டு மெதுவா, "என்ன அர்பாப், ஸ்டாக் பார்க்கிறீங்களா?" என்றேன்.

அந்த மனுஷன் சிரிச்சார், சிரிச்சு முடிச்சதும் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. கந்தூரா அங்கியைத் தூக்கிக் காட்டினார். ரெண்டு முட்டியும் தேங்காய் கணக்கா வீங்கியிருக்கு. மகன் சுஹைல் இனிமே மலைக்குப் போகக்கூடாதுன்னு வண்டிச் சாவியை ஒளிச்சு வைக்கிறானாம். கூட வாங்கடான்னா பேரன்மாருக்கு நேரமில்லையாம். "வேகமா நடக்கிறவனோட வந்தா நான் கிழவன்னு தெரிஞ்சிடும். என்னைவிட மோசமான முட்டி யாருக்கு இருக்குன்னு யோசிச்சேன், நீ உப்பெடுக்க உட்கார்ந்தே" என்றார். அப்புறம், "உன் பேப்பர்ல போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன், வண்டியில இருக்கு. நேரா கூப்பிட்டிருந்தா நீ வந்திருப்பியா?" என்று கேட்டார். வந்திருக்க மாட்டேன்னு உள்ளதைச் சொன்னேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு மச்சான். கோபமும் வந்துச்சு, பதினோரு டின்னு தலையில் விழுந்தது யாருக்காக?

என் நீ-கேப்பில் ஒண்ணைக் கழட்டி அவருக்கு மாட்டினேன். பையிலிருந்த நாலாவது தைலத்தை அவர் முட்டியில் தேய்ச்சேன். நாய் எங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டுத் தனியா முன்னாடி இறங்கிப் போயிருச்சு. ஷூ லேசை இறுக்கினேன், கம்பை அவர் கையில் கொடுத்தேன், என் தோளை அவர் பிடிச்சுக்கிட்டார். ரெங்கராஜ் சொன்ன மாதிரியே சின்ன எட்டு, குறுக்கு நடை, முட்டி லேசா மடக்கி, ரெண்டு கிழட்டு நண்டு இறங்குற மாதிரி இறங்கினோம். ஏறினது ஒண்ணேகால் மணி நேரம், இறங்கினது மூணு. ஜும்ஆவுக்கு ரோட்டோரப் பள்ளியில் நுழைஞ்சா, முட்டி முடியாதவங்களுக்குன்னு கடைசி சஃப்பில், கடைசி வரிசையில், ரெண்டு நாற்காலி காலியாக் கிடக்கு. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, நேரா முன் சஃப்பில் போய் நின்னோம். தொழுகை முடிஞ்சப்போ ஆளுக்கு ரெண்டு பேர் வந்து எங்களைத் தூக்கிவிட்டாங்க, அது வேற விஷயம்.

ஆகவே மச்சான், என் காலால் ஏறி என் காலால் இறங்கிவிட்டேன், பேப்பர் என் கையில் இருக்கிறது, தங்கள் தங்கையிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அந்த நாற்காலியை வேறு யாராவது வயசானவருக்குக் கொடுத்து நன்மை தேடிக்கொள்ளுங்கள். தங்கள் முழங்கால்களுக்கும் கணுக்கால்களுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுப்பானாக, ஆமீன். வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
நின்றபடி,
செய்கு முகம்மது

பின்குறிப்பு: நின்றபடி எழுதினது முதல் பத்தி வரைக்கும்தான். மீதி எல்லாம் சுடுதண்ணி வாளிக்குள் காலை விட்டுக்கிட்டு எழுதினது. கவரை ஒட்டப்போன நேரத்தில் அர்பாப் போன் பண்ணினார். ராத்திரி நரி வந்து நாலாவது குட்டியையும் தூக்கிருச்சாம். அதைப் பிடிக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் மலைக்கு வரணுமாம், இனிமே என்னைத் தவிர யாரோடும் போக மாட்டாராம், எனக்குச் சரியான சைஸில் புது ஷூவும் வாங்கியாச்சாம். அவருக்காகப் போகத்தான் போறேன், அந்த மனுஷனைத் தனியா விட முடியாது. ரெண்டு வருஷத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை வரும்னு மட்டும் எண்ணிப் பார்த்தேன். மச்சான், அந்த நாற்காலியை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துடாதீங்க. கைப்பிடி ரெண்டு பக்கமும் இருக்குதானே?