என் காதுக்கு ஒரு குறையும் இல்லை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
புதன்கிழமை

பாசமுள்ள மைத்துனன் விஜயராகவனுக்கு,

மாமா கோவிந்தராசு எழுதுவது. கடலூரில் நீயும் மாலாவும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சௌக்கியம். உன் அக்காள் அஞ்சலாட்சியும் சௌக்கியம்தான், ஆனால் அதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசலாம் என்றால் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, நீயும்தான், போன தடவை நீ பேசியது கிணற்றுக்குள் இருந்து பேசியதுபோல் இருந்தது. வாட்ஸ்அப்பில் எழுதினால் வீட்டில் இருப்பது ஒரே போன், உன் அக்காள் படித்துவிடுவாள். அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். நம் வீட்டு மாடியைச் சுடர்விழி என்ற பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம் அல்லவா, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த பெண், நல்ல மாதிரி. அவள் அங்கே சனி, ஞாயிறுகளில் தியான வகுப்பு நடத்துகிறாள். உள்ளே கேட்டல் என்று அதற்குப் பெயர். முன்பெல்லாம் நான் அந்தப் பக்கம் போனதில்லை. மாசிமகத்துக்கு முந்தின வாரம் பத்துப் பேருக்குமேல் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போனார்கள், அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் எப்போது போனார்கள், கதவைப் பூட்டினார்களா இல்லையா என்று பார்க்க ஏறிப் போனால், அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண் என்னையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். மாட்டேன் என்றால் மரியாதை இல்லை, உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே என்ன கேட்டது என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒரு அம்மா கடல் என்றார். நம் தெருவில் பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்குகிற பெரியவர், முசே என்று கூப்பிடுவோமே, அவர் தன் நெஞ்சு அடிப்பது கேட்டது என்றார். என் முறை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, உள்ளதைச் சொன்னேன். ஙொய் என்று ஒரே சுருதியில் ஒரு சத்தம் வருகிறது, நிற்பதே இல்லை, தூங்கி எழுந்தாலும் இருக்கிறது, நான் தறி ஓட்டின மில்லு மூடுவதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்றேன். அந்தப் பெண் எழுந்து என் முன்னால் வந்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த நாதத்தைக் கேட்கத்தான் அவள் ஊர் ஊராகப் போய் வருடக்கணக்கில் உட்கார்ந்தாளாம், ஒரு நாள்கூடக் கேட்கவில்லையாம்.

நீயே சொல், அந்த இடத்தில் நான் என்ன செய்ய முடியும்? அதோடு விட்டதா என்றால் இல்லை. மாசிமகத்தன்றும் மேலே போய் உட்கார்ந்திருந்தேன். அன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகிற சாமி ஒன்று நம் தெரு வழியாக மேளம், வெடி, ஒலிபெருக்கி எல்லாவற்றோடும் போயிருக்கிறது. மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் தியானம் கலைந்து எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அசையவில்லை. கண்ணைத் திறந்தபோது சாமி அடுத்த தெருவுக்குப் போயிருந்தது, இவர்கள் அத்தனை பேரும் என்னைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து நான் அங்கே ஐயா. முசே எனக்கு வழிவிட்டு நிற்கிறார். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடித்திருக்கிறது. மரியாதைக்காக மட்டும் இல்லை. அங்கே ஒருவர் பேசும்போது மற்றவர் பேசுவதில்லை. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுகிறார்கள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்கிறது. ஆகவே என் காதுக்கு ஒரு குறையும் இல்லை, ஊரில் மற்றவர்களுக்குத்தான் பேசத் தெரியவில்லை என்பது நிரூபணம் ஆகிவிட்டது.

இதை உன் அக்காளுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவளைப் பற்றி உனக்குத் தெரியும், இத்தனை வருடமும் கத்தல்தான். சோறு போடட்டுமா என்பதைக்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள். பொங்கலுக்கு முன்னால் தொண்டை கட்டியது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், குரல் வருகிற இடத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனிமேல் சத்தம் போட்டுப் பேசவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். சரி, வீடு அமைதியாகும் என்று பார்த்தால், இவள் அமைதியை வைத்துப் பழிவாங்குகிறாள். வேண்டுமென்றே உதட்டை மட்டும் அசைக்கிறாள். இன்னா, இன்னா என்று நான் நாலு தடவை கேட்டால் தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். முந்தாநாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, காதோடு வாயை வைத்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"சனிக்கெழமை காது டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கறேன். நீ வந்து காதைக் காமி. இல்லன்னா நான் வாயை மூடிக்கிறேன், அப்புறம் இந்த ஊட்ல பேச்சே கெடையாது."

எந்தச் சனிக்கிழமை என்று பார். அதே சனிக்கிழமைதான் மேலே பெரிய ரிட்ரீட், நாள் முழுக்கத் தியானம். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நான் முன்னால் உட்கார்ந்து அந்த நாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று சுடர்விழி கேட்டு, நானும் தலையாட்டிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து இது வியாதி என்று சொல்லிவிட்டால், நான் எந்த முகத்தோடு மாடி ஏறுவது?

சங்கடம் இன்னொன்றும் இருக்கிறது. பெருமை தாங்காமல் போய்ப் பலராமனிடம் சொன்னேன். மில்லில் என் பக்கத்துத் தறி ஓட்டினவன், உனக்குத் தெரியும். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, எனக்கும் அந்தச் சத்தம் இருக்குது, நம்ம செக்‌ஷன்ல யாருக்குத்தான் இல்ல என்கிறான். அப்படிப் பார்த்தால் எங்கள் தறிக்கூடம் முழுக்க ஞானிகள்தான், போனஸ் கேட்டு மில்லு வாசலில் உட்கார்ந்ததெல்லாம் தவம்தான். அவன் அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. தறி ஓடும்போது நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். இப்போதும் நான் எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேனோ என்று ராத்திரியில் ஒரு யோசனை வருகிறது. அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். அது சாமி கொடுத்ததா, மில்லு கொடுத்ததா என்று அதுவாகச் சொல்வதில்லை.

ஆகவே நீ வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வந்து, டாக்டரைச் சித்திரைக்குத் தள்ளிவைக்கும்படி உன் அக்காளிடம் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவன் சொன்னால் கேட்பாள். அப்படியே, புருஷனிடம் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி பேசு என்றும் புத்தி சொல்லிவிட்டுப் போ. மாலாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், மழை வெயில் பார்த்து உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமா,
கோவிந்தராசு

பின்குறிப்பு (ஞாயிறு): மேலே எழுதியதைத் தபாலில் போடத்தான் வியாழக்கிழமை காலையில் கிளம்பினேன். வாசலில் உன் அக்காள் தையல்நாயகியிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் ஆம்பளைகளை அடக்குகிற வாய் தையல்நாயகிக்கு, அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து, உன் அக்காள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும்தான் உதட்டை அசைக்கிறாள் என்று இருந்தேன். தபாலாபீசுக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மாடிக்குப் போய்ப் பலராமன் சொன்னதைச் சுடர்விழியிடம் ஒப்பித்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. மொதல்ல அம்மா கூப்பிடுற எடத்துக்குப் போயிட்டு வாங்க ஐயா, ரிட்ரீட்டை நான் பாத்துக்கறேன் என்றாள்.

நேற்றுப் போனோம். டாக்டர் ஏதேதோ பார்த்தார், தறிச் சத்தத்தில் போன காது என்றார், போனது திரும்பாது என்றார். சோதித்துப் பார்க்க ஒரு மெஷினைக் காதில் மாட்டினார். உள்ளே இருக்கிற ஙொய் நிற்கவில்லை, கொஞ்சம் ஒதுங்கி நின்றது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கேக்குதா?"

எனக்கு யார் என்றே தெரியவில்லை. இழை அறுந்து அறுந்து வருகிற நூல் மாதிரி இருந்தது. திரும்பினால் உன் அக்காள். கலியாணமான புதிதில் நான் கேட்ட குரல் அது இல்லை, விஜயராகவா. அந்தப் பழைய குரல் முழுக்க என்னிடம் கத்தியே செலவாகியிருக்கிறது. என்னால் தாங்க முடியவில்லை. கேக்குது, கேக்குது என்றேன். ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா சொல்லுய்யா," என்றாள். "இத்தினி வருசமா நீதான் கத்திக்கினு இருக்கற."

ஆகவே டாக்டரைத் தள்ளிவைக்கச் சொல்லி நீ வர வேண்டாம். புத்தி சொல்லவும் வேண்டாம். சும்மா வா. வந்தால் உன் அக்காள் பக்கத்தில் கொஞ்சம் ஒட்டியே உட்கார். தள்ளி உட்கார்ந்தால் அவள் சொல்வது உனக்குக் கேட்காது.