பிறந்தநாளுக்கு ஒரு காகித மாலை

குழந்தைகள் கையால் செய்து கொடுத்த எதையும் இதுவரை தூக்கிப் போட்டதில்லை என்று சொல்லும் அம்மாக்களை நான் நம்புவதில்லை. நான் போட்டிருக்கிறேன். பேனா நிற்காத பேனா ஸ்டாண்டு, பாசிப்பருப்பு ஒட்டிய மயில் (அந்த மயிலுக்குள் வண்டு வைத்து, வண்டு அரிசி டப்பா வரை வந்துவிட்டது) எல்லாம் குப்பை வண்டியில்தான் போயின. ஆனால் ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்றிவிடுவேன். பொருள் போனாலும் பெருமை நிற்க வேண்டுமில்லையா? அந்தப் பெருமைதான் ஒருநாள் என்னைக் கொன்றது.

நாலு வருடத்துக்கு முந்தைய கதை. நாங்கள் அப்போதும் இதே திருநகர் வீட்டில்தான் இருந்தோம். மூத்தவள் கயலுக்கு ஏழு வயது. சின்னவள் மகிழுக்கு நாலு. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என் பிறந்தநாள் வந்தது. காலையிலிருந்தே இரண்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஏதோ வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்தன. நான் கதவருகே போனால், "உள்ள வராதம்மா!" என்று ஒரே கத்தல். சரியென்று என் பிறந்தநாளுக்கு நானே மட்டன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கண்ணைப் பொத்தி ஹாலுக்குக் கூட்டிப் போனார்கள். சுவரில் மாட்டியிருந்த அருவிப் படத்தைக் கழற்றிவிட்டு, அந்தச் சட்டத்துக்குள் என் போட்டோவை வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பெரிய போட்டோ. அதைச் சுற்றி ரோஸும் வெள்ளையுமாக ஒரு காகித மாலை. போட்டோவில் என் நெற்றியில், சின்னவள் கைங்கரியமாக, எட்டணா அளவுக்குக் குங்குமப் பொட்டு. கீழே ஸ்கெட்ச் பேனாவில் ஏதோ இரண்டு வரி. முன்னால் பேட்டரியில் எரியும் ஒரு பிளாஸ்டிக் அகல்விளக்கு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடி அடுப்படியில் இருந்ததால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. மாலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தேர்தலில் ஜெயித்தவர்களுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி மாலை என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

"ஏங்க, பாத்தீங்களா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் நல்லி எலும்பிலிருந்து தலையைத் தூக்கி ஒரு விநாடி பார்த்தார். "ம்… நல்லாருக்கு" என்று மறுபடி எலும்புக்குள் போய்விட்டார்.

என் போனில் சார்ஜ் இல்லை, அணைந்து கிடந்தது. பெருமை பொறுக்குமா? அவருடைய போனை எடுத்து, போட்டோ பிடித்து, அவர் எண்ணிலிருந்தே குடும்ப குரூப்பில் போட்டேன். தட்டச்சு செய்யச் சோம்பல். நன்றிக்கு ஒரு கும்பிடும் கை. ஆனந்தக் கண்ணீருக்கு ஓர் அழும் முகம். அவ்வளவுதான். பிறகு, வாழ்த்துச் சொல்ல யாராவது கூப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பார்கள் என்று அந்தப் போனையும் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டு, நால்வரும் மட்டன் மயக்கத்தில் படுத்துவிட்டோம்.

நாலு மணிக்கு அழைப்புமணி அடித்தது. கலைந்த தலையும் நைட்டியுமாக நான்தான் கதவைத் திறந்தேன். பெரிய மீசையோடு ஒருவர் நின்றார். பின்னால் தெருவில் ஒரு வேன்.

"ஐஸ் பெட்டி கொண்டாந்திருக்கேன்க்கா. எங்க எறக்க?"

ஐஸ்கிரீம் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் ரகசியமாக ஏற்பாடு செய்திருக்கிறார், பதினோரு வருடத்தில் முதல்முறையாக மனிதருக்குப் பிறந்தநாள் நினைவு வந்திருக்கிறது என்று உள்ளம் குளிர்ந்தது.

"பிரிட்ஜுக்குப் பக்கத்துல வச்சிருங்கண்ணே" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அவுக எங்கக்கா இருக்காக?" என்றார்.

"அவரா? பெட்ரூம்ல தூங்குறாரு."

மீசைக்காரர் என்னையே பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தூங்கட்டும்க்கா. நீங்க மனசத் தேத்திக்கங்க. ரெண்டு பிள்ளைகன்னு சொன்னாக."

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தெருமுனையில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. கார் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து ஒரு பெண் இறங்கி ஓடிவந்தாள். பார்த்தால் என் அக்கா மலர். ஒத்தக்கடையில் இருக்கிறாள். என்னோடு பேசி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் மாமாவின் பெயரைப் போட மறந்துவிட்டோம். அன்றைக்குப் போனவள், இப்போதுதான் வருகிறாள், மார்பில் அடித்துக்கொண்டு.

"அய்யோ… ஒரு பத்திரிகைக்காக மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனே! போயிட்டாளே!"

வந்த வேகத்தில் வாசலில் நின்ற என்னைக் கட்டிக்கொண்டாள். துக்க வீட்டில் முதலில் அகப்படும் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுவது வழக்கம். அக்கா அழுத அழுகையில் என் தோள் நனைந்தது. யாரோ நெருங்கிய உறவு போய்விட்டது, அக்கா நேரில் சொல்ல ஓடி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நானும் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இரண்டு நிமிடம் இருவரும் ஒரே சுருதியில் அழுதபிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"யாருக்கா?"

"நம்ம சுமதிடீ!"

"எந்தச் சுமதி?"

"நீதான்டி!" என்றவள் தலையை நிமிர்த்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். பிறகு பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விட்டாள். முப்பத்தெட்டாவது வயதில், நடுத்தெருவில், நைட்டியில்.

பின்னாலேயே வந்த மாமா, கையிலிருந்த ஆளுயர ரோஜா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது இரண்டு பக்கமும் தெரிந்தது. வரும் வழியில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கியதாம். ஐஸ் பெட்டிக்குச் சொன்னதும் அவர்தான். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வயிற்றைச் சொறிந்துகொண்டே வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் மீசைக்காரர் இரண்டு படி கீழே இறங்கிவிட்டார்.

"அப்ப பாடி யாருதான்க்கா?"

"நான்தான்ணே" என்றேன்.

அதன்பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன். 'எங்கள் நெஞ்சில் வாழும் அம்மா' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'தோற்றம்' என்று போட்டு என் பிறந்த தேதி.

"யாரு புள்ள இப்பிடி எழுதச் சொன்னது?" என்று அக்கா கத்தினாள்.

தூக்கக் கலக்கத்தில் நின்ற கயல் உதட்டைப் பிதுக்கினாள். "காளவாசல் சிக்னல்ல சுவத்துல ஒட்டியிருந்துச்சு பெரியம்மா. ரொம்பப் பிடிச்சவங்க போட்டோவுக்குத்தான எல்லாரும் மாலை போடுறாங்க? அம்மா போட்டோவுக்கு மட்டும் யாருமே போடல." சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. கயல் அழுவதைப் பார்த்துச் சின்னவளும் சேர்ந்துகொண்டாள்.

அழகாக இருக்கிறது என்று மத்தியானம் மெச்சிவிட்டு, இப்போது எப்படித் தப்பு என்பது? அக்காதான் கீழே உட்கார்ந்து கயலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தப்பு இல்லடி தங்கம். உசுரோட இருக்கவகளுக்குப் போட்டோவுல போடக் கூடாது, கழுத்துல போடணும். இம்புட்டுத்தான்." எழுந்துபோய்ப் படத்திலிருந்து காகித மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டாள். போட்டுவிட்டு மறுபடி அழுதாள்.

என் வீட்டுக்காரரின் போனில் எழுபத்திரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. குரூப் முழுக்க ஆழ்ந்த இரங்கல். திருமங்கலத்துச் சித்தப்பா மட்டும், 'நல்ல பிள்ளை. வாய்தான் கொஞ்சம் அதிகம்' என்று விரிவாக எழுதியிருந்தார். நான் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக, நைட்டியும் காகித மாலையும் வீங்கிய கண்ணுமாக என்னை ஒரு போட்டோ எடுத்து மாமா உடனே அனுப்பினார். சித்தப்பாவிடமிருந்து அடுத்த நிமிடமே கேள்வி வந்தது: 'நல்ல படம். இது எப்போது எடுத்தது?'

மீசைக்காரர் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். "இம்புட்டு வருசமாப் பெட்டி கொண்டுபோறேன்க்கா. வெறும் பெட்டியாத் திரும்புறது இதான் மொத தடவ" என்றார். வேன் எடுக்கும்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அக்காவும் மாமாவும் இருந்தார்கள். மிச்சக் குழம்பில் உப்பு அதிகம் என்று அக்கா சொன்னாள். அதிலிருந்து எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை சண்டை போட்டுப் பேசாமல் இருந்திருக்கிறோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், என் பிறந்தநாள் காலையில் ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்துவிடும்.

"இருக்கியாடி?"

"இருக்கேன்க்கா."

"சரி, வையி."