சல்லடையில் விழாத தகடு

அந்த வருடம் புதுப்பட்டினத்தில் வீடு கட்டியவர்களைவிட வீட்டை இடித்தவர்கள்தான் அதிகம். புயல் வரவில்லை, பூகம்பம் வரவில்லை. வாஸ்து மாமணி செங்கல்வராயன் வந்தார்.

கடைத்தெரு முழுக்க அவர் படம்தான். பட்டு ஜிப்பா, நெற்றி நிறையக் குங்குமம், கையில் இரண்டு பித்தளைக் கம்பிகள். ‘உங்கள் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்!’ என்றது ஃபிளெக்ஸ். மண் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் கல்யாண மண்டபத்தில் ஆலோசனை. பந்திக்குக்கூட அங்கே அவ்வளவு நீள வரிசை நின்றதில்லை. அவர் கம்பியை நீட்டுவார், கம்பி ஆடும். கையும் சேர்ந்துதான் ஆடியது. ஆனால் கையை யார் பார்த்தார்கள்?

பிறகு வீட்டுக்கு வருவார். தோண்டச் சொல்வார். குழிக்குள் கையை விட்டுச் செப்புத் தகடு ஒன்றை எடுப்பார். நூறு வருடத்துச் செய்வினை! தகடு வந்தால் போதுமா? ஏதாவது ஒரு சுவரை இடித்தாக வேண்டும். இடிப்பதற்கு அவருடைய மைத்துனரின் ஆட்கள் தயார். திரும்பக் கட்டித் தருவதற்கும் அதே ஆட்கள் தயார். சாஸ்திரம் அவ்வளவு வசதியாக அமைந்திருந்தது.

மதபேதம் பார்க்காத மனிதர் அவர். ஜெபக்குமார் வீட்டு மாடிப்படியில் தோஷம் என்றார். ஜெபக்குமார் ஜெபம் பண்ணிவிட்டு இடித்தார். இப்போது மொட்டை மாடியில் துணி காயப்போட அவர் மனைவி சாராள் ஏணி வைத்து ஏறுகிறாள். தோஷம் போய்விட்டதாம். கூடவே படியும் போய்விட்டது.

அந்த ஏணியே பக்கத்து வீட்டுக் கோதண்டராமனிடம் இரவல் வாங்கியதுதான்.

கோதண்டராமன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வசந்தா வேடந்தாங்கல் பக்கத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். முப்பது வருடம் அரிசியில் கல் பார்த்த கண்கள் அவளுடையவை. கடைசிக் காலத்துக்கென்று ஒரு பழைய வீட்டை வாங்கி, ஆள் வைக்காமல் இருவருமே புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கலவை போடுவாள், அவர் கல் வைத்துக் கட்டுவார். சாயங்காலம் அவள் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பாள்.

“இன்னாங்க இது? டாஸ்மாக்லேர்ந்து வந்துகினு கீற ஆளு மாதிரி சாயுது உங்க சுவரு.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துக் கட்டுவார். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

அதில் அவர் மிகவும் பெருமைப்பட்டது குளியலறையைப் பற்றித்தான். வசந்தாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதனால் கதவை அகலமாக வைத்தார். சுவரில் அவள் கை எட்டும் உயரத்தில், பஸ்ஸில் பயணிகள் பிடித்துக்கொள்ளும் கம்பியைப் போலவே ஒன்றை வளைத்துப் பொருத்தினார். தானே தொங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். தரை மட்டும்தான் பாக்கி. அறை அமைந்தது வீட்டின் வடகிழக்கு மூலையில்.

அப்போதுதான் கஷ்டம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஏணியிலிருந்து விழுந்து கோதண்டராமனுக்குத் தோள் பிசகியது. அடுத்த வாரம் தண்ணீர் மோட்டார் புகைந்தது. அதற்கடுத்து கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல்.

முப்பத்தைந்து வருடம் பஸ் நின்றபோதெல்லாம் இன்ஜினைத் திறந்து பார்த்தவர் கோதண்டராமன். பஸ்ஸுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவர் ஒருநாளும் ரிப்போர்ட் எழுதியதில்லை. சொந்த வீடு என்றதும் அந்தப் புத்தி விடுப்பில் போய்விட்டது. மீன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போனார்.

செங்கல்வராயன் வீட்டு வரைபடத்தின்மேல் கம்பியை நீட்டினார். கம்பி வெடுக்கென்று திரும்பியது.

“ஈசானியத்துல பாத்ரூமு. அடியில தகடு. வூட்டுக்கார அம்மா உசுருக்குத்தான் ஆபத்து. வருசம் தாண்டாது ஐயா.”

கோதண்டராமன் வரைபடத்தைச் சுருட்டினார். யாருக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டினாரோ, அவளையே அந்த அறை கொண்டுபோய்விடுமா? வெறும் பையோடு வீடு திரும்பினார்.

“மீனு எங்க?” என்றாள் வசந்தா.

“வந்து... செவ்வாக்கெழம அந்த வாஸ்துக்காரரு வர்றாரு. தகடு எடுக்கணுமாம். எடுத்துட்டு, பாத்ரூம இடிக்கணுமாம்.”

வருடக் கணக்கை மட்டும் அவர் விழுங்கிவிட்டார். வசந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தார். அவள் போடவில்லை.

“வரட்டும். தகடு வந்துச்சுன்னா மொத சம்மட்டிய நானே போடறேன். ஆனா ஒண்ணு. தோண்டற மண்ணு பூராவும் என் சல்லடையில சலிக்கணும்.”

செவ்வாய்க்கிழமை காலையில் தெருவே அவர்கள் வாசலில் நின்றது. மைத்துனரின் ஆட்கள் கடப்பாரையோடு வந்து, டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். செங்கல்வராயன் காரிலிருந்து இறங்கினார். சல்லடை விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“தாராளமா சலிங்க தாயே! சத்தியத்துக்குச் சல்லடை பயமா?” கூட்டம் கைதட்டியது.

ஜெபக்குமார் தோண்டினார். தோள் வலியோடு கோதண்டராமன் கூடை கூடையாக மண்ணை வாசலுக்குக் கொண்டுவந்தார். வசந்தாவும் சாராளும் சலித்தார்கள். சல்லடையின் மேலே நின்றவை: ஜல்லி, நத்தைக் கூடு, ஒரு சோடா மூடி. கீழே விழுந்தது மாவு போன்ற மணல். இடுப்பளவு குழி ஆனபிறகும் தகடு வரவில்லை.

கோதண்டராமன் மூச்சு விட்டார். ஆனால் செங்கல்வராயன் அசரவில்லை.

“மத்தவங்க கண்ணுக்கு அது மறையும். என் கை பட்டாத்தான் வெளிய வரும்.”

சலித்துக் குவித்த மணலுக்குமுன் மண்டியிட்டார். மந்திரம் சொன்னார். முழங்கை வரை கையை உள்ளே விட்டார். கண்கள் செருகின. உடம்பு உதறியது. கையை வெளியே எடுத்தபோது அதில் பச்சை பூத்த செப்புத் தகடு!

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரோ சூடம் தேடினார்கள். மைத்துனரின் ஆட்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

“இப்படிக் குடுங்க சாமி,” என்றாள் வசந்தா. பயபக்தியோடு வாங்கினாள். வாங்கிய தகட்டைச் சல்லடையின்மேல் வைத்தாள்.

ஆட்டினாள்.

தகடு குதித்தது. விழவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினாள். தகடு கிணுகிணுவென்று சல்லடைமேலேயே ஓடியது.

“இந்த மண்ணு மொத்தமும் இந்த ஓட்ட வழியாத்தான் கீழ வந்துச்சு. எல்லாரும் பாத்துகினுதான இருந்தீங்க? உள்ளங்கை அகலத் தகடு இது. இது மட்டும் எந்த வழியா வந்துச்சு?”

முதலில் சிரித்தது சாராள். ஏணி ஏறி ஏறிக் கால் வலித்தவளுக்கு முதலில் புரிந்ததில் ஆச்சரியமில்லை.

“அது... சூட்சும வடிவத்துல வந்துச்சு,” என்றார் மாமணி.

“அப்டியா? இன்னொரு தபா எடுங்க. இந்தவாட்டி ஜிப்பாவக் கயட்டிட்டு எடுங்க.”

கோதண்டராமன் அதற்குள் தகட்டைக் கையில் எடுத்திருந்தார். விளிம்பை விரலால் தடவினார். மூலையில் இருந்த ஓட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். விடுப்பில் போயிருந்த புத்தி வேலைக்குத் திரும்பியது.

“யோவ், இது ட்ரில்லிங் மிஷின்ல போட்ட ஓட்டைய்யா! பிசிறுகூட இன்னும் போவல. நூறு வருசத்துக்கு முன்னால செய்வினை வெச்சவன் கரண்டு எங்கேர்ந்து இழுத்தான்?”

செங்கல்வராயன் காரை நோக்கித் திரும்பினார். ஜெபக்குமார் மண்வெட்டியோடு வழியில் நின்றார். அடிக்கவில்லை, சும்மாதான் நின்றார். அவரைச் சுற்றிப் போவதற்காக வாஸ்து மாமணி குதித்தார். மணல்மேட்டில் கால் சறுக்கிக் குப்புற விழுந்தார். ஜிப்பாக் கைக்குள் தைத்திருந்த பையிலிருந்து மூன்று தகடுகள் வெளியே சிதறின. அதே பச்சை, அதே ஓட்டை. அன்று மத்தியானம் யார் வீட்டில் தோண்ட வேண்டியவையோ பாவம்!

தெருவில் அத்தனை பேரும் வீட்டுக்கு ஓடிப்போய், பூஜையறையிலிருந்தும் பீரோவிலிருந்தும் பைபிளுக்குள்ளிருந்தும் தங்கள் தகடுகளைக் கொண்டுவந்து அருகருகே வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கம்பி பிடித்த கைகளைக் கட்டாமல், போலீஸ் வரும்வரை கார் சாவியை மட்டும் சாராள் வாங்கி வைத்துக்கொண்டாள். மைத்துனரின் ஆட்களைக் காணோம். டீ கிளாஸ்கள் மட்டும் இருந்தன.

சாயங்காலம் கோதண்டராமன் கூடத்து விரிசலைக் கரணையால் சுரண்டினார். உள்ளே தூண் கம்பி துருவேறி உப்பியிருந்தது. முன்பு கட்டியவர் கடற்கரை மணலை உப்புப் போகக் கழுவாமல் போட்டிருக்கிறார். மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடியதால் எரிந்திருக்கிறது. ஏணி விஷயத்தை அவர் ஆராயப் போகவில்லை. ஈரத் தரையில் வைத்து ஏறியது அவரேதான்.

“இவ்ளோ தெரிஞ்ச மனுசன் அவங்கிட்ட ஏன் போனீங்க?” என்றாள் வசந்தா.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உனுக்கு ஒரு வருசந்தான்னு சொல்லிட்டான். இஞ்சின்னா தெறந்து பாத்துடுவேன். உன்ன இன்னா பண்றது?”

வசந்தா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு அவருடைய பிசகாத தோளில் கை வைத்தாள். “நான் போய்ட்டா கலவ யாரு போடறதுன்னு பயம். வேற இன்னா?” என்றாள்.

பத்து நாள் கழிந்தது. குளியலறைத் தரைக்கு வசந்தா கல் பதித்துக்கொண்டிருந்தபோது சாராள் ஓடிவந்தாள்.

“அக்கா, பொத்தேரியில ஒரு அம்மா வந்துகீறாங்களாம். எலுமிச்சம்பழத்தத் தண்ணியில போட்டே பசங்க மார்க்கு சொல்லிடறாங்களாம். போய்ப் பாத்துட்டு வரலாம்னு கீறேன். எதுக்கும் இருக்கட்டும், உங்க சல்லடையக் குடுங்க.”

“எடுத்துகினு போ சாராளு. ஆனா அது மண்ணு சலிக்கத்தான் ஆவும். பேச்ச சலிக்க ஒண்ணு, கழுத்துக்கு மேலயே வெச்சிகினு கீற. அத்த முதல்ல துரு தட்டி எடு.”